சேற்றைச் சேவித்தவர்

அந்த ப்ரூஃப் தாள் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஞாயிறு இணைப்பிதழின் ஏழாம் பக்கம். நடுப்பத்தியில் ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, அதற்கு மேலே ‘பார்த்தேன்’ என்று பொறுப்பாசிரியர் எழுதியிருக்கிறார். அடிபட்ட சொல்லின் கீழே பென்சிலால் வரிசையாகப் புள்ளிகள். எங்கள் தொழிலில் அடித்த சொல்லின் கீழ் புள்ளி வைத்தால் ‘அடித்தது செல்லாது, அப்படியே இருக்கட்டும்’ என்று பொருள். மூன்று நான்கு புள்ளிகள் போதும். அந்தத் தாளில் பதினொன்று இருக்கின்றன. கடைசிப் புள்ளி வைக்கும்போது பென்சில் முனை தாளைத் துளைத்துவிட்டிருக்கிறது. அடிபட்ட சொல் ‘சேவித்தேன்’.

புள்ளிகளை வைத்தவரை அலுவலகத்தில் எல்லோரும் மாமி என்றே அழைத்தோம். திருச்சிப் பதிப்பில் பிழைதிருத்துபவர். ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் அக்கா வீட்டு மாடியறையில் இருந்தார். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. காலை பத்து மணிக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து இறங்குவார். பேனாவைத் தொட மாட்டார், பென்சில்தான். பிழையைச் சொல்லும்போது குரலை உயர்த்த மாட்டார். ஆனால் அவர் சொல்லி முடித்த பிறகு, பிழை செய்தவர் கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நான் பொன்மலைக்காரி. அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். இணைப்பிதழில் சுற்றுலாப் பக்கம் என் பொறுப்பு. அந்தப் பக்கத்தில் வந்த ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் போனதில்லை.

பக்கம் எப்படி உருவாகும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கிருந்தோ ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வரும். அதைப் பகுதிநேர மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தமிழாக்குவார். நான் நீளத்தைக் குறைப்பேன். படங்களை வடிவமைப்பாளர் இணையத்தில் தேடி எடுப்பார். அப்படி ஒரு வாரம் வந்தது ‘வெப்பமண்டலத் தீவில் தவறவிடக் கூடாத இயற்கை அதிசயங்கள்’. எல்லாம் அந்தமானைப் பற்றியவை. எரிமலை, சுண்ணாம்புக் குகை, கடலுக்குள் நிற்கும் இயற்கைப் பாலம், சூரிய உதயத்துக்குப் புகழ்பெற்ற கடற்கரை. மாமி ப்ரூஃப் தாளுடன் என் மேசைக்கு வந்தார். கையில் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளையின் பள்ளி அட்லஸ்.

“ஏம்மா, இந்தக் கடற்கரை தீவுக்கு மேற்கால இருக்கு. மேற்கால சூரியன் உதிக்கறதுன்னா ஏதாவது பிரளயமா?”

நான் உதயத்தை அஸ்தமனமாக மாற்றினேன். அவர் போகவில்லை. இந்த எரிமலைப் படத்தில் நெருப்பு கொட்டுகிறதே, கீழே சேற்று எரிமலை என்று எழுதியிருக்கிறதே, சேறு எரியுமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இதை எழுதினவர் போயிருக்கிறாரா என்று கேட்டார். மொழிபெயர்ப்பு மாமி, என்றேன். இங்கிலீஷில் எழுதினவர்? தெரியாது, என்றேன். மாமி தாளை மடித்தார்.

“சரிதான். யாருமே போகாத ஊருக்கு எல்லாரையும் போகச் சொல்லிண்டிருக்கோம்.”

பக்கத்து மேசையிலிருந்த வடிவமைப்பாளருக்கு மாமியைச் சீண்டுவதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. “நீங்க ஏன் மாமி கவலைப்படறீங்க? நீங்க இருக்கறதே தீவு. இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். வெயிலுக்கும் குறைச்சல் இல்லை. தினமும் தீவுல இருந்து ஆபீஸ் வரீங்க.”

“வருஷத்துல நாலு மாசம் தீவு,” என்றார் மாமி. “மிச்ச மாசம் ரெண்டு பக்கமும் மணல். மாடு நடந்து வரது. அதுக்குப் பேர் தீவா?”

அன்று சிரித்தோம். பக்கம் அச்சுக்குப் போனது. ஆனால் மாமி அந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொண்டார். மார்கழியில் விடுப்புக் கடிதத்தை என்னிடம்தான் முதலில் காட்டினார். தை மாதம் பத்து நாள். காரணம் என்ற இடத்தில் ‘பிழை சரிபார்க்க’ என்று எழுதியிருந்தார்.

அந்த விடுப்புக்குள் எவ்வளவு பெரிய மறுப்பு இருந்தது என்று எனக்கு அப்போது தெரியாது. மாமியின் அக்கா கணவர், மாமி அத்திம்பேர் என்று சொல்கிறவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வருடந்தோறும் தை மாதத்தில் உறவினரும் தெருக்காரர்களுமாக ஒரு பஸ் நிறைய ஆட்களை, ஆழ்வார்கள் பாடிய பெருமாள் கோயில்களுக்குத் திவ்யதேச யாத்திரை அழைத்துப்போவார். சமையலுக்கு அவர்கள் வீட்டில் தளிகை என்று பெயர். பஸ்ஸில் உள்ள அத்தனை பேருக்கும் தளிகை மாமியுடையது. மற்றவர்கள் சந்நிதியில் நிற்கும்போது இவர் சத்திரத்துப் பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருப்பார். அவர்கள் திரும்பி வந்து இலையில் உட்காரும்போது நடை சாத்தியிருக்கும். “எந்த ஊர்ல பெருமாள் நின்னுண்டிருக்கார், எந்த ஊர்ல சயனிச்சுண்டிருக்கார்னு கேட்டா முழிப்பேன்,” என்று ஒருமுறை சொன்னார். “எந்தச் சத்திரத்துக் குழாய்ல தண்ணி வராதுன்னு கேளு. ஒண்ணு விடாம சொல்றேன்.” புலம்பலாகச் சொல்லவில்லை. ஒரு பட்டியலில் உள்ள தகவலைச் சரிபார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்தத் தையில் தளிகைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வீட்டில் சொன்னபோது நடந்ததை, மறுநாள் இரண்டு குரல்களிலும் பேசிக் காட்டினார். அந்தமானா, அங்கே ஜெயில்னா இருக்கு என்றாராம் அத்திம்பேர். ஜெயிலை மூடி ரொம்ப நாளாச்சு என்றாராம் மாமி. அங்கே என்ன கோயில் இருக்கிறது என்று அடுத்த கேள்வி. “கோயில் இல்லைன்னு கேள்விப்பட்டுத்தான் போறேன். கோயில் இருந்தா நீங்க கோஷ்டியோட வந்துடுவேள். நான் தளிகை பண்ணணும்.” அக்கா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். “அவ என்னிக்குப் பேசினா?” என்றார் மாமி. “ஊறுகாய் பாட்டிலை மட்டும் துணியில சுத்திக் குடுத்தா.”

தையில் அந்தமானுக்குப் போனவர் பத்து நாள் கழித்து மூக்கும் புறங்கையும் கறுத்து வந்து சேர்ந்தார். வெட்டி வைத்திருந்த அந்தப் பக்கத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அதன் நான்கு ஓரங்களிலும் பென்சில் எழுத்து. நெருப்பு கொட்டுகிற படம் வேறு தீவினுடையது. அது கடலில் வெகு தொலைவில், ஆளில்லாமல் இருக்கிறது. படத்தை எடுத்தவருக்கு ஊர் மாறிவிட்டது. இயற்கைப் பாலத்தை ‘எந்நேரமும் காணலாம்’ என்று எழுதியிருந்தோம். தண்ணீர் ஏறியிருக்கும்போது போனால் பாறைகளுக்குக் கிட்டவே போக முடியாது என்று ஆட்டோக்காரர் திருப்பி அனுப்பியிருக்கிறார். கடல் இறங்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு மறுநாள் காலையில் போயிருக்கிறார். பாறைக் குழிகளில் எல்லாம் தேங்கிய நீர், அதில் நீலமும் மஞ்சளுமாகச் சிறு மீன்கள், கையளவு கடல் அட்டைகள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாறைக்குப் பாறை தாண்டி வளைவுக்கு அடியில் போய் நின்றபோது, பின்னால் வந்த வழிகாட்டி, “அம்மா, உங்களுக்கு எத்தனை வயசு?” என்று இந்தியில் கேட்டானாம். மாமிக்கு இந்தி தெரியாது. சாப்பிட்டாச்சா என்று கேட்கிறான் என நினைத்து ‘ஆச்சு’ என்று தலையாட்டியிருக்கிறார். அர்த்தம் பிறகு ஆட்டோக்காரர் சொல்லித்தான் தெரிந்ததாம்.

குகைக்குப் படகில் போகும் வழியைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் படங்களைவிடத் தெளிவாக நினைவிருக்கிறது. அகலமான ஓடையில் வேகமாகப் போகிற படகு திடீரென்று வேகத்தைக் குறைத்து அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஒரு சந்துக்குள் நுழையும். இருபுறமும் வேர்கள் தண்ணீரில் விரல் ஊன்றி நிற்கும். தலையைக் குனிந்தால்தான் கிளை இடிக்காது. வெளிச்சம் பச்சையாகிவிடும். பிறகு வயல், அதற்கப்பால் காடு, காட்டுக்குள் குகை. கூரையிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சுண்ணாம்பைக் கொண்டுவந்து சேர்த்துச் சேர்த்து, மேலிருந்து ஒன்று இறங்க, கீழிருந்து ஒன்று எழும்ப, இரண்டும் இன்னும் தொடாமல் நிற்கின்றன. எவ்வளவு இடைவெளி என்று கேட்டேன். “ஒரு ஸ்பூன் போகும்,” என்றார். மாமியின் அளவுகள் எல்லாம் அடுக்களையிலிருந்து வந்தவை. பத்திரிகைக்கு அதைவிடத் துல்லியமான அளவு கிடைத்திருக்காது.

ஒன்றை மட்டும் அவர் பார்க்கவில்லை. குகைக்குப் போகும் சாலை பழங்குடி மக்களின் காட்டு வழியே போகிறது. வண்டிகள் கூட்டமாகத்தான் போகவேண்டும், நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. எங்கள் பட்டியலில் ‘அபூர்வப் பழங்குடியினரையும் வழியில் காணலாம்’ என்று ஒரு வரி இருந்தது. வண்டியில் எல்லோரும் ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தார்களாம். மாமி அந்தச் சாலை முடியும்வரை மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தின் ஓரத்தில் அந்த வரிக்கு எதிரே எழுதியிருந்தார்: ‘நீக்கவும். அது அவாள் தெரு.’

நான்தான் அவரைக் கட்டுரை எழுதச் சொன்னேன். எழுதியதில் பாதி எங்கள் பட்டியலின் திருத்தம், மீதி அவர் கண்டது. சேற்று எரிமலையைப் பற்றிய பத்தி இப்படிப் போகும்: ‘மூங்கில் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். பெரிய மேடு இல்லை. நெருப்பும் இல்லை. சாம்பல் நிறச் சேறு. சற்று நேரத்துக்கொரு முறை உள்ளிருந்து ஒரு குமிழ் எழும்பி, வீங்கி, உடைகிறது. உடன் வந்தவர்கள் இவ்வளவுதானா என்று கேட்டுவிட்டு வண்டிக்குத் திரும்பினார்கள். நான் நின்று சேவித்தேன்.’

பொறுப்பாசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்தது அங்கேதான். நல்ல மனிதர். மோதலை விரும்பாதவர். “மாமி, இது பக்திச் சொல்லு. கோயிலுக்குன்னு இருக்கறது. வாசகர்களுக்குக் குழப்பமா இருக்கும். பார்த்தேன்னே போடுவோம்.”

“பார்க்கறது பஸ் வரதான்னு,” என்றார் மாமி. “பால் பொங்கறதான்னு பார்ப்பேன். உங்க பேப்பர்ல பிழை இருக்கான்னு பார்ப்பேன். இது அது இல்லை. எங்காத்துல பெருமாளைப் பார்த்தேன்னு யாராவது சொன்னா சிரிப்பா. சேவிச்சேன்னுதான் சொல்லுவா. எதிர்ல போய் நிக்கணும். வேற நினைப்பு இருக்கப்படாது. கண்ணு நிறையணும். அப்படித்தான் நின்னேன். அதுக்கு எனக்கு வேற வார்த்தை தெரியாது.”

“தெரியாதுன்னா எப்படி? எங்களுக்கே நீங்கதானே வார்த்தை சொல்றீங்க?”

“அதான் சொல்றேனே. இதுதான் வார்த்தை.”

புதன்கிழமை மதியம். இணைப்பிதழ் அச்சுக்குப் போகும் நேரம். பொறுப்பாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், கையை விரித்தார், “உங்க பேர்லதானே வருது,” என்றார். மாமி என் மேசையில் குனிந்து அந்தப் பதினொரு புள்ளிகளை வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு அத்திம்பேரும் யாத்திரைக் குழுவில் ஐந்து பேரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். சட்டை மேல் அங்கவஸ்திரம், கையில் எங்கள் ஏழாம் பக்கம். சத்தம் போடவில்லை, அதுதான் பொறுப்பாசிரியரைக் கலக்கியது. பெருமாளுக்கு உரிய சொல்லைச் சேற்றுக்குழிக்குச் சொல்லியிருக்கிறது, ஸ்ரீரங்கத்திலிருந்து ஒருத்தி சொல்லியிருக்கிறாள், பத்திரிகை வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றார் அத்திம்பேர். மாமியை அழைத்தார்கள். பென்சிலைக் காதில் செருகியபடி வந்து நின்றார்.

“சேத்துக்குழியும் பெருமாளும் ஒண்ணா?” என்று கேட்டார் அத்திம்பேர்.

“பெருமாள் பக்கத்துல பூமிப்பிராட்டின்னு ஒருத்தர் எழுந்தருளியிருக்காளே, அத்திம்பேர். அவ யாரு?”

“விதண்டாவாதம் பண்ணாதே.”

“கேக்கறேன். பொன்னுல பண்ணி வெச்சா பிராட்டி. நிஜமாவே மூச்சு விட்டுண்டு எதிர்ல இருந்தா சேறா? அவ மூச்சு விடறதைத்தான் நான் சேவிச்சேன். உங்க யாத்திரையில எனக்கு ஒரு நாளும் கிடைக்காத சேவை. நன்னா நிதானமா, யாரும் தள்ளாம.”

ஐந்து பேரில் ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொள்ள மேலே மின்விசிறியைப் பார்த்தார். அத்திம்பேர் மாமியைப் பார்க்கவில்லை. பொறுப்பாசிரியரிடம், அடுத்த ஞாயிறு வரவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். மாமி அவருடைய வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாததை எல்லோரும் கேட்டோம்.

வருத்தக் குறிப்பு நான்கு வரி. அதே புதன்கிழமை, அதே பக்கம். எங்கள் அலுவலகத்தில் பிழைதிருத்துபவர் வலது கீழ்மூலையில் சுருக்கொப்பம் இடாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது. மாமியிடம் போன பக்கம் ஒப்பம் இல்லாமல் திரும்பி வந்தது. குறிப்பின் ஓரத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது: ‘பிழையைத்தான் திருத்துவேன்.’ பொறுப்பாசிரியர் எழுந்து அவர் மேசைக்கே போனார். இது உங்கள் வேலை மாமி, என்றார். “என் வேலை பிழை திருத்தறது. இங்க பிழையே நடக்கலையே, சார்.” வேலை போகலாம் என்பதை அவர் சுற்றிவளைத்துச் சொன்னார். மாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

பொறுப்பாசிரியர் தாளுடன் என்னிடம் வந்தார். அவசரத்துக்குப் பக்கத்தின் ஆசிரியர் ஒப்பமிட்டாலும் செல்லும் என்றார். நான் போட்டேன். அதை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியும். முப்பது வருடம் செய்திகளை வேறு விதமாக எழுதும் வேலையில்தான் இருந்தேன். கட்டாயப்படுத்தப்பட்டேன், சூழ்நிலை அப்படி என்றெல்லாம் எழுதலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பக்கம் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்தேன். போட்டேன்.

அந்தப் பக்கம் இப்போது இல்லை. இணைப்பிதழை நிறுத்திவிட்டார்கள். நானும் அங்கே இல்லை. ‘தீவில் தவறவிடக் கூடாத இயற்கை அதிசயங்கள்’ இணையத்தில் தினம் ஒன்று வருகிறது. மேற்குக் கடற்கரையில் இன்னும் சூரியன் உதிக்கிறது, சேற்று மேட்டிலிருந்து இன்னும் நெருப்பு கொட்டுகிறது, போகாதவர்கள் போகாதவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இதை நான் எழுதுவது வருத்தம் தெரிவிக்க அல்ல. என் ஒப்பத்தோடு வந்த அந்த நான்கு வரிகளை நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். செய்தித்தாளில் அதற்கு இடம் தர மாட்டார்கள் என்பதால் இங்கே.

குறிப்பு வெளிவந்த ஞாயிறு காலை மாமியைப் பார்க்கப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமலே காவிரிப் பாலம் தாண்டி, ராஜகோபுரத்தில் இறங்கி, நடந்தேன். கூடத்தில் அத்திம்பேர் சாய்வு நாற்காலியில் பேப்பருடன் இருந்தார். மாமி தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மாடியைக் காலி செய்யச் சொல்லியிருப்பார்களோ என்று பயந்து வந்தவளுக்கு அந்தக் காட்சி ஆறுதலாகக்கூட இல்லை. எல்லாம் முடிந்து பழையபடி ஆகிவிட்டது என்றே தோன்றியது. அத்திம்பேர் மரியாதையாக உட்காரச் சொன்னார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எனக்காகவே ஒருமுறை குறிப்பை உரக்கப் படித்தார். கடைசி வரியை இரண்டுமுறை படித்தார்: “வருத்தம் தெரிவித்து கொள்கிறோம்.”

“க் இல்லை,” என்றார் மாமி, நறுக்குவதை நிறுத்தாமல்.

“என்ன?”

“தெரிவித்துக் கொள்கிறோம். நடுவுல க் வரணும். ஒற்று விட்டுப்போச்சு. வருத்தம் ஒட்டவே இல்லை பாருங்கோ.” பிறகு என்னைப் பார்த்தார். அலுவலகத்தில் பார்க்கும் அதே பார்வை. “நீயா பார்த்தே?”

ஆமாம் மாமி, என்றேன். “என் கண்ணுல பட்டிருந்தா அந்த க்-ஐப் போட்டிருப்பேன். அதுக்குத்தான் நான் படிக்கவே இல்லை,” என்றார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. இன்றைக்கும் போதுமானதாக இருக்கிறது.

“பிழையோ இல்லையோ, பத்திரிகையே வருத்தம் சொல்லியாச்சு,” என்றார் அத்திம்பேர். “விஷயம் முடிஞ்சது. வர தைக்குத் தளிகை யாருன்னு பேசிடலாம்.”

“வருத்தம் பேப்பருக்கு. எனக்கு ஒண்ணும் இல்லை. தளிகைக்கு ஆள் பார்த்துக்கோங்கோ.”

அடுக்களையிலிருந்து அக்கா காபியுடன் வந்தார். அந்த வீட்டுக்கு நான் மூன்று நான்கு முறை போயிருக்கிறேன். அவர் பேசிக் கேட்டதில்லை. எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். கணவருக்குக் கொடுக்காமல் தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“ஏன்னா, தைக்கு பஸ் பேசறச்சே என் சீட்டையும் சேர்த்துக்க வேண்டாம். நான் இவளோட போறேன்.”

“எங்கே?”

“அதான், அந்தச் சேறு. எனக்கும் ஒரு தடவை சேவிக்கணும்.”

அத்திம்பேர் பேப்பரை மடித்தார். மாமியின் அரிவாள்மணை நின்றுவிட்டிருந்தது. “பார்க்கணும்னு சொல்லு,” என்றார் அத்திம்பேர், பள்ளிக்கூடத்துக் குரலில்.

“பார்க்கறதுக்கு யாராவது அவ்வளவு தூரம் போவாளா?” என்றார் அக்கா. “சேவிக்கணும்.”